தானாகக் கோடிங் கற்று முதல் வெப் டெவலப்பர் வேலைக்குப் போவது எப்படி: கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்திலிருந்து தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

இது கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவர்களுக்காகவும், படித்தும் கேம்பஸில் வேலை அமையாதவர்களுக்காகவும் எழுதியது. பி.காம்., பி.எஸ்சி. கணிதம், மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர்கள், ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே ராத்திரியில் கோடிங் படிப்பவர்கள் எனப் பலரோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் பாடத்தில் இல்லை, வரிசையில்தான். பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்கிறார்கள். கடைசிவரை செய்யவே வேண்டாததில் பாதி வருடம் போய்விடுகிறது.

ஃப்ரெஷரை எடுக்கும் சின்ன நிறுவனம் ஒரே விஷயத்தைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. இவர் ஒரு வேலையைத் தொடங்கி, முடித்து, வேறொருவர் பயன்படுத்தும்படி வெளியே வைத்து, அதைக் கேட்டால் விளக்குவாரா? கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்தக் கேள்வியை மனதில் வைத்து அடுக்கியவை. தினமும் மூன்று மணி நேரம் விடாமல் ஒதுக்க முடிந்தால், தொடக்கத்திலிருந்து வேலை வரை எட்டு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்பது என் கணிப்பு. மூன்றே மாதத்தில் வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

லேப்டாப் வேண்டும். மொபைலில் வீடியோ பார்த்து மட்டும் இதைக் கற்க முடியாது, ஏனென்றால் கை பழக வேண்டிய வேலை இது. புதியது தேவையில்லை. 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள பழைய லேப்டாப் தாராளமாகப் போதும். 4 ஜிபி ரேமில் எடிட்டர், பிரவுசர், சர்வர் மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் இயந்திரம் திணறும், நீங்களும் சலித்துப்போவீர்கள். கூடுதல் காசு இருந்தால் முதலில் ரேமுக்குச் செலவிடுங்கள்.

இணையத்துக்கு மொபைல் ஹாட்ஸ்பாட் போதும். சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊர் என்றால், தேவையான பேக்கேஜ்களையும் பாடப் பக்கங்களையும் டவுனுக்குப் போகும் நாளில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உட்கார இடமில்லாதவர்கள் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு மேசையைப் பழக்கப்படுத்திக்கொள்ளலாம்.

பத்தாம் வகுப்பிலிருந்து கடைசிப் படிப்பு வரை எல்லா மதிப்பெண் பட்டியலையும் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். அரியர் இருந்தால் அதை முடிக்கும் தேதியையும் இப்போதே திட்டமிடுங்கள். வேலை உறுதியான பிறகு சான்றிதழ் இல்லாமல் தேதி தள்ளிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலம் பேச வராவிட்டாலும் இப்போது பரவாயில்லை. வாசித்துப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். பிழைச் செய்தி முழுவதும் ஆங்கிலத்தில்தான் வரும். அதை வரிவரியாகப் படிக்கும் பழக்கம்தான் இந்த வேலையின் பாதி.

2. எந்த வேலைக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

படிப்பைத் தொடங்குவதற்கு முன்பே வேலை விளம்பரங்களைப் படிக்க வேண்டும். பலர் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள்.

நாக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் பெங்களூரு, ஓசூர், சேலம், கோயம்புத்தூர் ஊர்களைப் போட்டு, அனுபவம் 0 முதல் 1 வருடம் என்று வடிகட்டி, முப்பது விளம்பரங்களைப் பொறுமையாகப் படியுங்கள். எந்தத் தொழில்நுட்பம் எத்தனை முறை வருகிறது என்று நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். அரை நாள் வேலைதான். உங்களை விட அதிகம் தெரிந்த நண்பர் சொல்வதை விட அந்த நோட்டு சரியாக வழிகாட்டும்.

பொதுவாக மூன்று பாதைகள் தென்படும். முதலாவது, ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி மையமாக ஃப்ரன்ட்எண்ட், அதாவது பயனர் திரையில் பார்க்கும் பகுதி, கூடவே சர்வர் பக்கத்துக்குக் கொஞ்சம் நோட்.ஜேஎஸ். இரண்டாவது, பிஹெச்பி மொழியும் அதில் எழுதிய வேர்ட்பிரஸ், லாராவெலும். மூன்றாவது, ஜாவா மொழியும் அதன் ஸ்பிரிங் கருவியும். ஜாவா பாதையில் பெரிய நிறுவனங்கள் அதிகம். அவை ஃப்ரெஷர்களுக்குப் பாஸான வருடம், மதிப்பெண் சதவீதம் என்று வடிகட்டுவது வழக்கம். தானாகக் கற்றவர் அந்தச் சல்லடையிலேயே நின்றுவிடுவார். பிஹெச்பி பாதையைப் பழசு என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஆனால் சின்ன ஊர்களில் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஜவுளிக்கடைக்கும் வெப்சைட் செய்து தரும் சிறிய நிறுவனங்கள் நிறைய அதில்தான் ஓடுகின்றன. வீட்டிலிருந்தே போய்வர நினைப்பவர்கள் அதைத் தள்ளிவிட வேண்டாம்.

பெங்களூரு போகத் தயார் என்றால் ரியாக்ட், நோட்.ஜேஎஸ், ஒரு டேட்டாபேஸ். என் சிபாரிசு இதுதான். இனி வரும் படிகளையும் இதை வைத்தே எழுதுகிறேன். எதை எடுத்தாலும் வேலை கிடைக்கும்வரை மாற்றாதீர்கள். நாலாவது மாதத்தில் பைத்தானுக்கும் ஆறாவது மாதத்தில் ஃப்ளட்டருக்கும் தாவியவர் வருடக் கடைசியில் எதிலும் ஒரு வேலையைக்கூட முடித்திருக்க மாட்டார்.

3. படிக்கும் வரிசை

முதலில் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ். ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம். ஃபார்ம், லேபிள், ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட், மொபைலுக்கு ஏற்ப மாறும் அமைப்பு, இவை வந்தால் அடுத்ததற்குப் போகலாம். அனிமேஷன் எல்லாம் பிறகு.

அப்புறம் ஜாவாஸ்கிரிப்ட். இங்கேதான் நீண்ட நாள் நிற்க வேண்டும், மூன்று மாதம் ஆனாலும் சரி. அர்ரே, ஆப்ஜெக்ட், ஃபங்ஷன், மேப், ஃபில்டர், க்ளோஷர், ப்ராமிஸ், அசிங்க்-அவெய்ட், ஃபெட்ச், பக்கத்தில் உள்ள உறுப்புகளைக் கையால் மாற்றுவது. இதை அரைகுறையாக விட்டுவிட்டு ரியாக்டுக்கு ஓடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. ரியாக்ட் முழுக்க ஜாவாஸ்கிரிப்ட்தான். அடித்தளம் இல்லாவிட்டால் பிழை வரும்போது அது ரியாக்டில் உள்ளதா, மொழியில் உள்ளதா என்று பிரித்துப் பார்க்கவே வராது. இன்டர்வியூவிலும் கேள்விகள் பெரும்பாலும் இந்த அடித்தளத்தில்தான் வரும்.

கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் கருவியின் பழக்கத்தை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். ஐந்து கட்டளைகள் போதும். எல்லாம் முடித்த பிறகு மொத்தமாக ஏற்றலாம் என்று விட்டால், அந்தக் கோடை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரே நாளில் எல்லா வேலையும் வந்து விழுந்ததுபோல் இருக்கும். பார்ப்பவர் எங்கிருந்தோ எடுத்துப் போட்டது என்றே நினைப்பார்.

பிறகு ரியாக்ட். அதன் பிறகு நோட்.ஜேஎஸ், அதில் சர்வர் எழுத உதவும் எக்ஸ்பிரஸ், டேட்டாபேஸ். டேட்டாபேஸில் மாங்கோடிபியை எல்லோரும் காட்டித் தருவார்கள். நான் போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்க்யூஎல் படிக்கச் சொல்வேன். டேபிள்களை இணைத்து விவரம் எடுக்கும் எஸ்க்யூஎல் ஜாயின் தெரிந்தவர் எந்தப் பக்கமும் போகலாம். பிஹெச்பி நிறுவனமும் கேட்கும், ஜாவா நிறுவனமும் கேட்கும்.

பாடத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஃப்ரீகோட்கேம்ப், தி ஓடின் ப்ராஜெக்ட் இரண்டும் இலவசம். வெப் மொழிகளுக்கான குறிப்புத் தளமான எம்டிஎன் பக்கங்கள் அகராதிபோல் எப்போதும் திறந்திருக்கட்டும். இன்னும் கல்லூரியில் இருப்பவர்கள், தமிழ்நாடு அரசு 2022ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு என்ன பயிற்சி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு பகுதி முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீடியோவை மூடுங்கள். வெற்று ஃபைலைத் திறந்து அதே விஷயத்தை வேறு உதாரணத்தில் செய்யுங்கள். எம்டிஎன் பார்க்கலாம், வீடியோ பார்க்கக் கூடாது. செய்ய வந்தால் அடுத்த பகுதிக்குப் போகலாம். வரவில்லை என்றால் பார்த்தது மனதில் இருக்கிறது, கைக்கு இன்னும் வரவில்லை.

சாட்ஜிபிடி, கோபைலட் பற்றி ஒரு வார்த்தை. விளக்கம் கேட்கப் பயன்படுத்துங்கள். இந்தப் பிழைச் செய்திக்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் படிக்கும் அந்த மூன்று மாதமும் கோடை எழுதித் தரச் சொல்லாதீர்கள். அது எழுதியதை விளக்கத் தெரியாமல் இன்டர்வியூவில் தலைகுனிந்து உட்கார்வது மிகக் கஷ்டமான அனுபவம். நல்ல உழைப்பாளிகளுக்கே அப்படி நடந்திருக்கிறது.

4. உண்மையான ஆள் பயன்படுத்தும் ஒரு வேலையைச் செய்து முடியுங்கள்

இந்தப் படிதான் மொத்த வழிகாட்டியின் நடுத்தூண், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

எல்லோர் ரெஸ்யூமேவிலும் நெட்ஃபிளிக்ஸ் நகல், செய்ய வேண்டிய வேலைப் பட்டியல், வானிலை ஆப் என்று ஒரே மூன்று ப்ராஜெக்ட்டுகள் இருக்கும். எடுப்பவர் அவற்றைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எங்கே யோசித்தீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு அதில் எதுவும் இருக்காது. எல்லா முடிவையும் வீடியோ எடுத்தவர் முன்பே எடுத்துவிட்டார்.

நம் பக்கத்தில் உண்மையான தேவைகளுக்குப் பஞ்சமில்லை. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி ஏற்றுபவர், தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுபோகும் விவசாயி, ஓசூர் ரோஜாத் தோட்டக்காரர், தெருமுனை டியூஷன் சென்டர், தையல்கடை, இப்படி யாராவது ஒருவர் நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டுதான் இருப்பார். அவர்களில் ஒருவரைப் பிடியுங்கள்.

உதாரணத்துக்குக் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியை எடுத்துக்கொள்வோம். மே, ஜூன், ஜூலையில் போனால் யாருக்கும் பேச நேரம் இருக்காது. சீசன் இல்லாத மாதத்தில் போய் உட்கார்ந்து, "அண்ணா, ஒரு லோடு வந்தா நோட்டுல என்னென்ன எழுதுவீங்க?" என்று கேளுங்கள். விவசாயி பெயர், ரகம், எடை, கழிவு, கிலோ விலை, கமிஷன், ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, ஏற்கெனவே வாங்கிய முன்பணம், கையில் தர வேண்டிய மீதி என்று அவர் சொல்லச் சொல்ல உங்கள் டேட்டாபேஸ் டேபிள்கள் தானாக உருவாகும்.

முதல் நாளே கோடிங்கில் இறங்காதீர்கள். அவர் நோட்டின் ஒரு பக்கத்தை வெள்ளைத் தாளில் வரைந்து, எந்தக் கட்டம் அவர் எழுதுவது, எந்தக் கட்டம் கணக்கில் தானாக வருவது என்று பிரியுங்கள். தானாக வருவதை டேபிளில் சேமிக்க வேண்டியதில்லை என்பது அங்கேயே புரியும்.

முதல் பதிப்பில் ஒரே ஒரு காரியம் நடந்தால் போதும்: ஒரு லோடை உள்ளிட்டால் சரியான மீதித் தொகையோடு சீட்டு வர வேண்டும். லாகின், கிராஃப், டார்க் மோட் எதுவும் வேண்டாம். இவற்றில் மாட்டிக்கொண்டு முடியாமல் நின்ற ப்ராஜெக்ட்டுகள் ஏராளம்.

செய்யும்போது தானாகவே நல்ல சிக்கல்கள் எதிர்ப்படும். அவைதான் உங்கள் சொத்து. சிலவற்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பணக்கணக்கு. ஜாவாஸ்கிரிப்டில் 0.1 + 0.2 என்று கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். எண்களை இரும எண் முறையில் சேமிப்பதால் வரும் விளைவு இது. அதனால் ரூபாயைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வையுங்கள். கிலோ ரூ.22.50 என்றால் 2250 பைசா. 1,240 கிலோவுக்கு 27,90,000 பைசா, அதாவது ரூ.27,900. திரையில் காட்டும்போது மட்டும் ரூபாயாக மாற்றுங்கள். லட்சத்துக்கு நம் முறைப்படி காற்புள்ளி விழ, ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்ட்ல் நம்பர்ஃபார்மட்டில் இந்திய வழக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

தமிழ் எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் 3 என்று சொல்லாது, 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. பெயரை எட்டு எழுத்தோடு வெட்டிக் காட்டினால் பாதியில் குறி அறுந்து அசிங்கமாக நிற்கும். இன்ட்ல் செக்மென்டர் பயன்படுத்தினால் நாம் எண்ணுவதுபோல் எண்ணும். இதை இன்டர்வியூவில் சொன்ன பையனிடம் மேற்கொண்டு பத்து நிமிடம் அதைப் பற்றியே பேசினார்கள்.

நெட் விட்டுவிட்டு வரும் இடம். சேமி பட்டனை அழுத்தியவர் ஒன்றும் நடக்கவில்லை என்று இன்னொரு முறை அழுத்துவார். ஒரே லோடு இரண்டு முறை பதிவாகிவிடும். அழுத்தியதும் பட்டனைச் செயலிழக்கச் செய்வது ஒரு பாதுகாப்பு. ஒவ்வொரு பதிவுக்கும் பிரவுசரிலேயே தனி அடையாள எண் உருவாக்கி அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் ஏற்காமல் விடுவது இன்னொரு பாதுகாப்பு. இரண்டும் ஏன் தேவை என்று சொல்லத் தெரிந்த ஒருவரை ஃப்ரெஷர் என்று யாரும் தள்ள மாட்டார்கள்.

முடிந்ததும் அவர் போனில் திறந்து கொடுத்துவிட்டு, பேசாமல் பக்கத்தில் நில்லுங்கள். எங்கே விரல் தயங்குகிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதைத் திருத்தி மறுபடி காட்டுங்கள். இந்தச் சுற்று இரண்டு மூன்று முறை நடந்தால் உங்களுக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது: என்ன செய்தேன், எது தவறியது, எப்படி மாற்றினேன்.

உண்மையான விவசாயிகளின் பெயர், போன் நம்பர், தொகை எதையும் பொதுவெளியில் வைக்காதீர்கள். டெமோவுக்குக் கற்பனைப் பெயர்கள் போட்ட தனி டேட்டா வையுங்கள். மற்றவர் கணக்கை மதிக்கத் தெரிந்தவர் என்று காட்டுவதும் இதில் அடங்கும்.

இரண்டாவது ப்ராஜெக்ட் சின்னதாக இருக்கலாம். உங்கள் பாதையில் முதல் ப்ராஜெக்ட் தொடாத ஒரு திறமையை அது காட்டினால் போதும். மூன்றாவது தேவையில்லை.

5. வெளியே வையுங்கள், பார்க்கும்படி வையுங்கள்

லிங்க் இல்லாத ப்ராஜெக்ட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வெறும் பக்கங்களுக்குக் கிட்ஹப் பேஜஸ், நெட்லிஃபை, வெர்செல் இலவசமாகக் கிடைக்கின்றன. சர்வர் பகுதிக்கு ரெண்டர் போன்ற இடங்களில் இலவசத் திட்டம் உண்டு. ஆனால் யாரும் கொஞ்ச நேரம் வராவிட்டால் அது தூங்கிவிடும். மறுபடி எழ ஒரு நிமிடம் வரைகூட ஆகலாம். உங்கள் லிங்க்கைத் திறந்தவர் வெள்ளைத் திரையைப் பார்த்து மூடிவிடுவார். சர்வர் எழுகிறது, சற்றுப் பொறுங்கள் என்று ஒரு வரி காட்டுங்கள். இன்டர்வியூ அன்று நீங்களே பத்து நிமிடம் முன்பு ஒருமுறை திறந்து வையுங்கள்.

கிட்ஹப்பில் ரீட்மீ, அதாவது ப்ராஜெக்ட்டை விளக்கும் பக்கம், எழுதுங்கள். யாருக்காகச் செய்தது, ஒரு ஸ்கிரீன்ஷாட், எப்படி ஓட்டுவது, எந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள் என்பவை இருந்தால் போதும்.

பாஸ்வேர்ட், ஏபிஐ சாவி (வேறொரு சேவையை உங்கள் ப்ரோகிராம் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) உள்ள ஃபைலைக் கிட்ஹப்பில் ஏற்றுவது புதியவர்களின் வாடிக்கையான பிழை. பிறகு அழித்தாலும் பழைய வரலாற்றில் அது இருக்கும். ஏற்றிவிட்டால் உடனே அந்தச் சாவியை ரத்து செய்து புதியது வாங்குவதுதான் வழி.

6. ரெஸ்யூமே

ஒரே பக்கம், பிடிஎஃப், புகைப்படம் வேண்டாம். அப்பா பெயர், மதம், திருமண நிலை எதுவும் வேண்டாம். மேலே பெயர், போன், மின்னஞ்சல், கிட்ஹப், லிங்க்ட்இன். அதற்குக் கீழே நேராக ப்ராஜெக்ட்டுகள். படிப்பு கடைசியில்.

திறமைப் பட்டியலில் பதினைந்து பெயர் போடாதீர்கள். அதில் உள்ள எதையும் கேட்கலாம் என்று எடுப்பவருக்கு நீங்களே அனுமதி தருகிறீர்கள். முன்பு செய்த வேறு வேலையை மறைக்க வேண்டாம். ஓசூர்த் தொழிற்சாலையில் இரண்டு வருடம் தரப் பரிசோதனை பார்த்தவர் என்றால், நேரம் தவறாமல் வருவார், பிழை தேடப் பழகியவர் என்று அது சொல்லும். பொய் அனுபவம் மட்டும் வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டினால் சேர்ந்த வேலையும் போகும்.

7. எங்கே, எப்படி விண்ணப்பிப்பது

முதல் ப்ராஜெக்ட் வெளியே வந்த வாரமே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு என்று தள்ளுவதற்கு முடிவே இல்லை. இரண்டாவது ப்ராஜெக்ட்டைச் செய்துகொண்டே விண்ணப்பியுங்கள். எதில் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று நிறுவனங்கள் கேட்கும் கேள்விகளே காட்டிவிடும்.

இடத்தைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி உண்டு. ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். எலக்ட்ரானிக் சிட்டி வழியிலேயே வந்துவிடும். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் தடம் பொம்மசந்திராவிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியாக ஆர்.வி. ரோடு வரை போகிறது. அத்திப்பள்ளி தாண்டிப் பொம்மசந்திரா வரை பஸ்ஸில் போனால் அந்தத் தடத்தில் உள்ள அலுவலகங்களுக்கு ஓசூரில் தங்கியே போய்வரலாம். அதனால் விண்ணப்பிக்கும்போது இந்தத் தடத்தை ஒட்டியவற்றை முதலில் எடுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து தினமும் பெங்களூரு போய்வருவது உடம்புக்கு ஆகாது. ஓசூரில் அறை எடுப்பது நல்லது.

வீட்டிலிருந்தே பார்க்கும் வேலையை முதல் வேலையாகத் தேடி நாளைக் கழிக்காதீர்கள். அதற்கு நாடு முழுவதிலிருந்தும் போட்டி இருக்கும். அதோடு, பக்கத்தில் உட்கார்ந்து திருத்தித் தர ஆள் இல்லாமல் முதல் வருடம் வீணாகும்.

பெரிய தளங்களில் ஒரே சொடுக்கில் நூறு இடத்துக்கு அனுப்புவது பலன் தருவதில்லை. ஒரு நாளைக்கு நான்கைந்து போதும், ஆனால் ஒவ்வொன்றையும் படித்து அனுப்புங்கள். பத்து முதல் ஐம்பது பேர் உள்ள நிறுவனங்களைத் தேடி, அங்கே வேலை செய்யும் டெவலப்பருக்கு நேரடியாக ஆங்கிலத்தில் நாலு வரி எழுதுங்கள். முதல் வரி, எந்த வேலைக்கு எழுதுகிறீர்கள் என்று. இரண்டாவது, நீங்கள் செய்த ப்ராஜெக்ட், யார் பயன்படுத்துகிறார்கள், லிங்க். மூன்றாவது, அவர்கள் தயாரிப்பில் நீங்கள் கவனித்த ஒரு விஷயம். நான்காவது, எந்தத் தேதியிலிருந்து சேர முடியும் என்பது. வீட்டுக் கஷ்டத்தை எழுத வேண்டாம். படிப்பவருக்குச் சங்கடமாகும், பதில் வராது.

நம் ஊர்க்காரர்கள் பெங்களூருவில் எத்தனையோ பேர். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படித்த சீனியர், பக்கத்துத் தெரு அக்கா, பள்ளித் தோழனின் அண்ணன், யாராக இருந்தாலும் கேட்கத் தயங்காதீர்கள். "அண்ணா, வேலை வாங்கித் தாங்க" என்று கேட்டால் அவருக்கும் வழி இருக்காது. "அக்கா, இந்த லிங்க்கைப் பத்து நிமிஷம் பார்த்துட்டு என்ன குறைன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். பார்த்தவருக்குப் பிடித்தால் ரெஃபரல், அதாவது அவர் நிறுவனத்தில் உங்களுக்கான சிபாரிசு, அவரிடமிருந்தே வரும்.

நிறுவனம், தேதி, எழுதிய ஆள், பதில், அடுத்து என்ன என்று ஒரு அட்டவணை வையுங்கள். ஒரு வாரம் பதில் இல்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல்.

8. இன்டர்வியூ

சின்ன நிறுவனங்களில் பெரும்பாலும் மூன்று கட்டம்: போனில் பேச்சு, ஒரு செய்முறைத் தேர்வு, நேரில் கேள்விகள்.

செய்முறைத் தேர்வில் ஒரு ஏபிஐயிலிருந்து டேட்டா எடுத்துப் பட்டியலாகக் காட்டி, தேடலும் பக்கம் பிரிப்பும் செய்யச் சொல்வது மிகப் பொதுவானது. டேட்டா வரும்வரை திரையில் என்ன தெரியும், வராவிட்டால் என்ன தெரியும், ஒன்றுமே இல்லை என்றால் என்ன தெரியும் என்ற மூன்று நிலைகளையும் சேருங்கள். பலர் இவற்றை விடுகிறார்கள். இவற்றை வைத்தே ஆளைப் பிரிக்கிறார்கள்.

கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவை: == என்பதற்கும் === என்பதற்கும் வித்தியாசம், க்ளோஷர், லூப்புக்குள் செட்டைம்அவுட் வைத்தால் வார், லெட் இரண்டும் ஏன் வேறு வேறு விடை தருகின்றன, ரியாக்ட் பட்டியலில் கீ எதற்கு, யூஸ்எஃபெக்டின் சார்புப் பட்டியல், 401க்கும் 403க்கும் வேறுபாடு, லெஃப்ட் ஜாயின், பிரவுசரில் முகவரி அடித்து என்டர் தட்டினால் என்ன நடக்கிறது. இவற்றுக்கு மனப்பாட விடை உதவாது. ஒவ்வொன்றுக்கும் உங்கள் ப்ராஜெக்ட்டில் எங்கே வந்தது என்று ஓர் உதாரணம் தயாராக இருக்கட்டும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்குப் பயம் ஆங்கிலத்தில்தான். நல்ல கோடு எழுதியவர்கள் வாய் திறக்காமல் திரும்பி வந்ததைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகும். இதற்கு ஒரே மருந்து, ப்ராஜெக்ட்டை இரண்டு நிமிடத்தில் ஆங்கிலத்தில் சொல்லிப் போனில் பதிவு செய்து கேட்பது. தினமும் ஒருமுறை, ஒரு மாதம். இலக்கணம் தவறினால் யாரும் கழிப்பதில்லை. நிறுத்தாமல் சொல்லி முடிக்கிறீர்களா என்றுதான் பார்க்கிறார்கள். தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படித் தேடிக் கண்டுபிடிப்பேன் என்று சொல்லுங்கள். வெளியே வந்ததும் கேட்ட கேள்விகளை எல்லாம் பஸ்ஸிலேயே எழுதிவிடுங்கள், வீட்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துவிடும்.

9. நின்றுபோனால் எங்கே பார்ப்பது

விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை என்றால் ரெஸ்யூமேவும் லிங்க்கும்தான் காரணம். இன்னும் ஒரு கோர்ஸ் படிப்பது அதைச் சரிசெய்யாது. போன் வருகிறது, தேர்வில் நின்றுபோகிறது என்றால் ஜாவாஸ்கிரிப்டுக்குத் திரும்புங்கள். தேர்வு தாண்டி நேர்காணலில் நின்றால் பேச்சுப் பயிற்சி போதவில்லை. வீட்டில் கேட்பார்கள், உறவினர்கள் கேட்பார்கள். அட்டவணையைத் திறந்து எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள், அந்த ஒன்றை மட்டும் சரிசெய்யுங்கள்.

10. பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

பயிற்சிக்கு வைப்புத்தொகை, லேப்டாப்புக்கு முன்பணம், பின்வாசல் வழியாக வேலை, எந்தப் பெயரில் கேட்டாலும் வேலைக்காகப் பணம் கொடுக்காதீர்கள். ஜிமெயில் முகவரியிலிருந்து பெரிய நிறுவனத்தின் பெயரில் ஆஃபர் லெட்டர் வந்தால், அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு.

அசல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. குறிப்பிட்ட காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம் (பாண்ட்) இருந்தால் எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு என்று எழுத்தில் படித்த பிறகே கையெழுத்து.

11. ஆஃபர் வந்ததும்

வருடத்துக்கு ரூ.3 லட்சம் சிடிசி (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் 25,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் ரூ.15,000 என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் கட்டும் பிஎஃப் 12 சதவீதம், ரூ.1,800, பெரும்பாலும் அந்த 25,000க்குள்ளேயே இருக்கும். உங்கள் பங்கு இன்னொரு ரூ.1,800. கைக்கு வருவது ரூ.21,400 அளவில், கிராஜுவிட்டி, காப்பீடு என்று சேர்த்திருந்தால் இன்னும் குறையும். அறை வாடகை, பஸ், மெட்ரோ, சாப்பாடு எல்லாவற்றையும் இந்தத் தொகையை வைத்தே கணக்கிடுங்கள்.

இரண்டு ஆஃபர் இருந்தால், நான் சம்பளத்தை இரண்டாவதாக வைப்பேன். உங்கள் கோடைப் படித்துத் திருத்தித் தரும் சீனியர் இருக்கிறாரா என்று இன்டர்வியூ எடுத்தவரிடமே கேளுங்கள். நீங்கள்தான் முதல் டெவலப்பர் என்ற பதில் வந்தால் மற்றதை எடுங்கள்.

சேர்ந்த பிறகு முதல் சில வாரம், ஒரு சிக்கலில் அரை மணி நேரம் முயன்றும் நகரவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். கேட்கும்போது என்ன செய்யப் பார்த்தேன், என்ன வந்தது, எதையெல்லாம் முயன்றேன் என்ற மூன்றையும் எழுதிக் கேளுங்கள். பாதி நேரம் எழுதும்போதே விடை தெரிந்துவிடும். முதல் சம்பளச் சீட்டு வந்ததும் உங்கள் பிஎஃப் அடையாள எண்ணான யுஏஎன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பிடித்த பிஎஃப் தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்டியிருக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.